சூரியப் பவளம் உண்ண மறுக்கிறது, நைட்ரேட்டோ ஏறிக்கொண்டே போகிறது: வழி சொல்லுங்கள்

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். அடுக்குமாடி வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை இரண்டு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். நான்கு சிறிய மீன்கள், ஒரு க்ளீனர் இறால், ஹேமர், அக்கான், ஜோவாந்திட், மாண்டிபோரா ஆகிய பவளங்கள் என எல்லாம் நல்லபடியாகவே இருந்தன. இரண்டு மாதங்களுக்கு முன்பு ஆரஞ்சு நிறச் சூரியப் பவளம் ஒன்றை வாங்கி வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. பவளத் தீனிப் பொடியைத் தண்ணீரில் கலந்துவிட்டால் எல்லாப் பவளங்களும் தாமே எடுத்துக்கொள்ளும் என்று கடையில் சொன்னார்கள். அதன்படி நாள்தோறும் அரைத் தேக்கரண்டிப் பொடியைக் கரைத்து ஊற்றி, ஸ்கிம்மரை (நுரையாக்கிக் கழிவை அகற்றும் கருவியை) இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தேன். மீன்களுக்காக உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிரி) கட்டி ஒன்றையும் தினமும் போட்டு வந்தேன்.

இப்போது தீனியும் கழிவும் சிதைவதால் நீரில் சேரும் நைட்ரேட் 8 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 8 பங்கு) 40க்கும், பாஸ்பேட் 0.06இலிருந்து 0.28க்கும் ஏறிவிட்டன. பாறைகளில் பச்சை முடிப்பாசி படர்கிறது, மணலின்மேல் செந்நிற வழவழப்பான படலம் போர்த்துகிறது, மாண்டிபோரா பழுப்பேறிவிட்டது. சூரியப் பவளத்தில் 23 பாலிப்புகள் (வாயும் உணர்நீட்சிகளும் உள்ள தனித்தனிப் பவள உயிர்கள்) உள்ளன. வந்த முதல் வாரத்தில் ஆறேழு பாலிப்புகள் இரவில் விரிந்தன. மூன்று வாரங்களாக ஒன்றுகூட விரியவில்லை. பாலிப்புகளுக்கு இடையே உள்ள சதை மெலிந்து, அடியிலிருக்கும் வெள்ளைக் கூடு இரண்டு இடங்களில் நகக்கண் அளவுக்கு வெளியே தெரிகிறது. பட்டினி கிடக்கிறதோ என்று அஞ்சிச் சென்ற வாரம் பொடியை இன்னும் கூட்டினேன், பாசிதான் கூடியது. வெப்பநிலை 26 டிகிரி, உப்பு ஆயிரத்துக்கு 35, காரத்தன்மை 8.3 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம். தீனியைக் கூட்டுவதா, குறைப்பதா என்றே எனக்கு விளங்கவில்லை. என் கைக்கு வந்த உயிர் என் அறியாமையால் சாகக் கூடாது, தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

மறுமொழி 1 (கிள்ளானிலிருந்து)

வணக்கம், தம்பி. உங்கள் தொட்டியில் தீனி மிகுதியாக இருக்கிறது. உங்கள் சூரியப் பவளமோ பட்டினி கிடக்கிறது. இரண்டும் ஒருசேர உண்மை என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் எவ்வளவு கலந்தீர்கள் என்பது கணக்கே அல்ல, அதன் வாய்க்குள் எவ்வளவு போனது என்பதே கணக்கு.

உங்களிடம் உள்ள மற்ற பவளங்களின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தைக் கொண்டு உணவு ஆக்கித் தருகின்றன. சூரியப் பவளத்துக்கு அந்தத் துணை கிடையாது. பெயரில் சூரியன் இருந்தாலும் வெளிச்சத்தால் அதற்கு ஒரு பருக்கையும் கிடைப்பதில்லை. கடலில் பாறை இடுக்குகளிலும் படகுத்துறைகளின் அடிப்பக்க நிழலிலும் தொங்கிக்கொண்டு, இரவு முழுதும் நீரோட்டம் கொண்டுவரும் மிதவை உயிரிகளைப் பிடித்து உண்டு வாழ்வது அது. இந்தோ பசிபிக்கைச் சேர்ந்த இந்த இனம் அட்லாண்டிக் பக்கம் போய், பிரேசில் கரையோரத்தில் எண்ணெய்த் துரப்பண மேடைகளில்கூட அடக்க முடியாதபடி பரவியிருக்கிறது. அத்தனை வீரியம் உள்ளது நம் தொட்டியில் மெலிகிறது என்றால், கடல் இரவெல்லாம் ஊட்டுவதை நாம் ஊட்டவில்லை என்றுதான் பொருள்.

ஆகவே பொடியை இன்றே நிறுத்துங்கள். அது மிக நுண்ணியது. சூரியப் பவளத்தின் பெரிய வாய்க்கு ஏற்றதன்று. இனி நான் சொல்வதை இரவில், விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். ஒன்றரை லிட்டர் குடிநீர்ப் புட்டி ஒன்றின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய விளிம்பை மணல்தாளால் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். தொட்டிக்கு நீரைத் திருப்பியனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பையும் நீரோட்டம் தரும் அலைமோட்டாரையும் நிறுத்திவிட்டு, மூடியில்லாத அந்தப் புட்டியைப் பவளத்தின்மேல் கூண்டுபோலக் கவிழ்த்து வையுங்கள். தீனியைத் திருட இறால் உள்ளே நுழைய முடியாது. மைசிஸ் கட்டியை ஒரு சிறு கிண்ணம் தொட்டித் தண்ணீரில் கரையவிட்டு, அந்தச் சாற்றில் மூன்று நான்கு மில்லியைச் சிரிஞ்சில் எடுத்து, புட்டியின் வாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டு 20 நிமிடம் காத்திருங்கள்.

அப்போது கவனித்துப் பாருங்கள். முதலில் சதை சற்று உப்பும். பிறகு வாயின் நடுக்கோடு மயிரிழை அளவுக்குப் பிளக்கும். அதன் பின்னரே மஞ்சள் நிற உணர்நீட்சிகளின் நுனிகள் விளிம்பில் முளைவிட்டதுபோல் எட்டிப் பார்க்கும். விரிந்த பாலிப்பின்மேல் ஒரு மைசிஸை மெல்ல இறக்குங்கள். உணர்நீட்சிகள் அதைத் தழுவி உள்ளே மடிந்துகொண்டால் வெற்றி. விரியாததன்மேல் தீனியைக் குவிக்காதீர்கள். அது அழுகி, உள்ள சதையையும் கெடுத்துவிடும். முடித்ததும் மிச்சத்தைச் சிரிஞ்சாலேயே உறிஞ்சி எடுத்துவிட்டுப் புட்டியை அகற்றுங்கள்.

முதல் சில இரவுகளில் ஒன்றுமே நடவாமல் போகலாம், அதனால் தளர்ந்துவிடாதீர்கள். தினமும் அதே நேரத்தில் சாற்றை மட்டுமாவது காட்டி வாருங்கள். பழகிய பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், எல்லாப் பாலிப்புகளுக்கும் ஊட்ட வேண்டும். ஒன்றுக்கு ஊட்டினால் மற்றவையும் பிழைத்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. பம்ப்பை அரை மணிக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள். அலைபேசியில் கட்டாயம் மணி வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு பவளத்துக்கு ஊட்டிவிட்டு, பம்ப்பை மீண்டும் போட மறந்து உறங்கிவிட்டேன். விடிந்து பார்த்தபோது மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து மிதந்துகொண்டிருந்தன. இரண்டு குரோமிஸ் மீன்கள் இறந்துபோயின. இரவில் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

கேட்டவரின் பதில்

மிக்க நன்றி, ஐயா. இன்றிரவே தொடங்குகிறேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. உறைந்த தீனியைச் சல்லடையில் அலசிச் சாற்றை வடித்துவிட்டுத்தான் தொட்டியில் இட வேண்டும், அந்தச் சாறுதான் பாஸ்பேட்டை ஏற்றுகிறது என்று படித்திருக்கிறேன். நீங்களோ சாற்றையே விடச் சொல்கிறீர்கள். அடுத்து, 40க்குப் போய்விட்ட நைட்ரேட்டை ஒரே நாளில் பெரிய அளவில் தண்ணீர் மாற்றி இறக்கிவிடலாமா?

மறுமொழி 2 (தூத்துக்குடியிலிருந்து)

வணக்கம், சகோதரரே. கடல் உயிரியல் படித்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். அலசுவதும் சாறு காட்டுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. மீன்களுக்கு இடும் மைசிஸை அலசியே இடுங்கள். சூரியப் பவளத்துக்கு அந்தச் சாறு உணவன்று, அழைப்பு; இரை அருகில் வந்துவிட்டது என்பதை அது நீரில் கரைந்த மணத்தைக் கொண்டே அறிகிறது. நான்கு மில்லிச் சாறு உங்கள் 200 லிட்டரை அசைத்துவிடாது. தினமும் ஊற்றிய அரைத் தேக்கரண்டிப் பொடிதான் அசைத்தது.

தண்ணீர் மாற்றுவதைப் பொறுத்தவரை, அவசரம் வேண்டாம். வாரத்துக்கு 20 விழுக்காடு மாற்றினால் 40 முதல் வாரத்தில் 32 ஆகும், இரண்டாம் வாரத்தில் 25.6 ஆகும், மூன்றாம் வாரத்தில் ஏறத்தாழ 20இல் நிற்கும். ஆனால் இடையில் புதிதாக எதுவும் சேராதிருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். ஆகையால் கூடுதல் தீனி உள்ளே வருவதைத் தடுப்பதே முதல் வேலை, தண்ணீர் மாற்றுவது இரண்டாவது. ஸ்கிம்மரை இனி இரவு பகல் ஓடவிடுங்கள். மணல்மேல் படிந்த செந்நிறப் படலத்தைத் தண்ணீர் மாற்றும்போதே குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்கள். பாஸ்பேட் இதைவிட மெதுவாகவே இறங்கும். பாறைகள் அதைத் தம்முள் பிடித்து வைத்திருந்து, நீரில் குறையக் குறைய வெளியே விடும். பாஸ்பேட்டை ஈர்த்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு மணிகளை நிறையப் போட்டு ஒரே வாரத்தில் பூஜ்யத்துக்கு இறக்கிவிடாதீர்கள். திடீரென்று இறங்கினால் பவளங்கள் அதிர்ச்சி அடையும்; நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு அற்றுப்போன தொட்டிகளில் டைனோபிளாஜெல்லேட்டுகள் என்ற நுண்ணுயிரிகள் கிளம்பி, முடிப்பாசியைவிடப் பெருந்தொல்லை தருவதுண்டு.

மற்ற பவளங்களுக்கும் ஒரே அளவுகோல் கூடாது. பவளங்கள் அடிப்படையில் ஊனுண்ணிகள் என்பதை, 1928-29இல் மாரிஸ் யாங் தலைமையில் கிரேட் பேரியர் ரீஃபின் லோ தீவுகளில் தங்கி ஆராய்ந்த குழுவினர் தெளிவாகவே பதிவு செய்திருக்கிறார்கள். ஆயினும் பாசித்துணை உள்ளவை தம் தேவையின் பெரும்பகுதியை வெளிச்சத்திலிருந்தே பெற்றுக்கொள்கின்றன. உங்கள் ஜோவாந்திட்டுக்கும் மாண்டிபோராவுக்கும் மீன்தீனியின் மிச்சமும் மீன்களின் கழிவுமே போதும். மாண்டிபோரா பழுப்பேறியது பட்டினியால் அன்று, மிகுந்துபோன நைட்ரேட்டால் அதனுள் பாசிகள் பெருகியதால். அக்கானுக்கு வாரம் ஒரு முறை, பாலிப்புக்கு ஒரு மைசிஸ் கொடுங்கள். ஹேமருக்கு அதையும் நறுக்கிக் கொடுங்கள். பெரிய துண்டாகக் கொடுத்தால் அன்றிரவு விழுங்கிவிட்டு மறுநாள் உமிழ்ந்துவிடும்.

பாசித்துணையை இழந்து வெளிறிப்போன பவளத்துக்கு ஊட்டுவது மட்டும் தனிக்கதை. ஹவாய்ப் பவளங்களைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியான ஆய்வொன்றில், வெளிறிய மாண்டிபோரா கேப்பிடேட்டா என்ற இனம் மிதவை உயிரிகளை முன்னைவிட மிகுதியாகப் பிடித்து உண்டு, இழந்த ஆற்றலை மீட்டுக்கொண்டது கண்டறியப்பட்டது. எல்லா இனங்களுக்கும் அந்தத் திறன் இல்லை.

சூரியப் பவளத்தின் சிறிய பாலிப்புகள் மைசிஸைச் சமாளிக்க முடியாவிட்டால் ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரியின் முட்டைகளை வாங்கிக் குஞ்சு பொரித்துக் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு, 28 டிகிரி வெப்பம், இடைவிடாத காற்றுக்குமிழி இருந்தால் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திவிட்டுப் புட்டியின் அடிப்பக்கம் விளக்கைக் காட்டினால் குஞ்சுகள் ஆரஞ்சு மேகம்போல் அங்கே திரளும், வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கருவுணவு தீர்ந்த பிறகு அவற்றில் சத்து குறைந்துவிடும்.

கேள்வி (சென்னையிலிருந்து)

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சூரியப் பவளம் சென்னையில் எங்கே கிடைக்கும்? எனக்கும் வளர்க்க ஆசையாக உள்ளது.

மறுமொழி 2 (தூத்துக்குடியிலிருந்து)

சகோதரரே, இந்தியாவில் அந்த ஆசை வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டிலேயே கற்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டுவிட்டன. சூரியப் பவளமும் கற்பவள வரிசையைச் சேர்ந்ததுதான். எங்கள் ஊரையொட்டிய மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்து, இரண்டு தீவுகளே கடலுக்குள் மூழ்கிப்போயின. எங்களுக்கு அது இன்னும் ஆறாத வலி. யாரேனும் விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

கேட்டவரின் பதில் (ஆறு வாரங்களுக்குப் பிறகு)

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. முதல் எட்டு இரவுகள் வீணாயின. ஒன்பதாம் இரவு, சாறு விட்டுப் பதினைந்து நிமிடத்தில், விளிம்பிலிருந்த ஒரே ஒரு பாலிப்பு வாய் திறந்தது. சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் அது மைசிஸை இழுத்து விழுங்கும்வரை நானும் என் மனைவியும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கு 23இல் 19 பாலிப்புகள் விரிந்து உண்கின்றன. நைட்ரேட் 18, பாஸ்பேட் 0.14. முடிப்பாசி பாதியாகக் குறைந்துவிட்டது. இறாலுக்கு முதலில் தொட்டியின் மறுமுனையில் ஒரு துண்டு கொடுத்துவிடுவதால் அதுவும் தொல்லை தருவதில்லை. இப்போது மீன்தீனியின் மணம் பட்டாலே பகலில்கூடச் சில பாலிப்புகள் விரிகின்றன. கூடு வெளியே தெரியும் பக்கத்திலுள்ள நான்கு மட்டும் இன்னும் மூடியே இருக்கின்றன. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடலாமா, ஐயா?

மறுமொழி 1 (கிள்ளானிலிருந்து)

வெட்டாதீர்கள், தம்பி. அந்த நான்கிலும் ஆரஞ்சுச் சதை ஒட்டியிருக்கும்வரை உயிர் இருக்கிறது. அதையொட்டிய பாலிப்புகளுக்குத் தவறாமல் ஊட்டி வாருங்கள். வலுத்த சதை வெள்ளைக் கூட்டின்மேல் விளிம்பிலிருந்து மெல்லப் படர்ந்து மூடுவதை என் தொட்டியில் கண்டிருக்கிறேன், அதற்குப் பல மாதங்கள் ஆயின. வெளியே தெரியும் கூட்டின்மேல் பாசி ஒட்டினால், பழைய பல்துலக்கியால் சதையைத் தொடாமல் வாரம் ஒரு முறை தேய்த்துவிடுங்கள். மூடியிருக்கும் நான்குக்கும் ஆர்டீமியாக் குஞ்சுகளின் சாற்றைக் காட்டிப் பாருங்கள். அடுத்த மாதம் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.