இராஜினாமாவை எழுதி வாங்கும் நிறுவனங்கள்: கையெழுத்திடலாமா?

வெள்ளவத்தை வாசகன்:
கொழும்பு மூன்றிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 14 வருடங்கள் வேலை செய்த என் மைத்துனரிடமிருந்து கோப்புகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டு, அவருடைய மேசையும் நிழற்பிரதி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நகர்த்தப்பட்டது. பிள்ளைகள் இங்கே படிப்பது தெரிந்தும் அம்பாறைக் கிளைக்கு இடமாற்றம் கொடுத்தார்கள். அவர் தயங்கியபோது, தட்டச்சு செய்த இராஜினாமாக் கடிதத்தை மனிதவளப் பிரிவினரே நீட்டினார்கள். திகதி மட்டும் வெறுமையாக இருந்தது. கையெழுத்திட வேண்டாம் என்கிறேன் நான். வீட்டாரோ, மானத்தோடு வந்துவிடச் சொல்கிறார்கள்.

கிருலப்பனை நிர்மலா:
நானும் மனிதவளத் துறையில் இருப்பவள்தான். கடிதத்தை நிறுவனமே எழுதிக் கொடுத்ததை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். வருமானம் விழுந்த நிறுவனம் அந்த அனுமதிக்கான விசாரணை முடியும்வரை சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாததால்தான் பேசி அனுப்பப் பார்க்கிறது. இடமாற்றமும் பெரும்பாலும் நியமனக் கடிதத்தில் உள்ள நிபந்தனைதானே?

கொட்டாஞ்சேனைக் கந்தையா:
தங்கச்சி, நீங்கள் சொல்லும் அந்தச் சம்மதத்தைத்தான் இந்தக் கடிதம் காசில்லாமல் வாங்கிக்கொள்கிறது. மைத்துனரின் சம்பளம் 80,000 ரூபா என்று வையுங்கள். இராஜினாமாச் செய்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் 5,60,000 ரூபா பணிக்கொடை கிடைக்கும். ஆணையாளரின் அனுமதியோடு நிறுத்தினால், அந்தப் பணிக்கொடைக்கு மேலதிகமாக, நட்டஈட்டுச் சூத்திரத்தின்படி முதல் ஐந்து வருடங்களுக்கு இரண்டரை மாதம் வீதமும் அடுத்த ஒன்பதுக்கு இரண்டு மாதம் வீதமுமாக 30.5 மாதச் சம்பளம், அதாவது 24,40,000 ரூபா சேரும். உச்சவரம்பான 25 இலட்சத்தை அது தாண்டவுமில்லை. மேசை ஏன் நகர்ந்தது என்று இப்போது விளங்குகிறதா? இடமாற்றத்தை வாயால் மறுக்காமல், ஆட்சேபத்தோடு ஏற்பதாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

புறக்கோட்டை வியாபாரி:
என் கடையில் ஒன்பது பேர்தான். அந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாது. ஆனாலும் கேட்கிறேன், ஐயா: தொழில் நியாய சபையில் வழக்கு இழுபட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மனிதர் தினமும் யார் முகத்தில் விழிப்பார்? சூத்திரத்தில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு வேலை தேடுவதே புத்தி.

கொட்டாஞ்சேனைக் கந்தையா:
பாதியென்றாலும் தொகையை எழுத்தில் பெற்ற பிறகுதான் கையெழுத்திட வேண்டும். வெறும் இராஜினாமாவைக் கொடுத்துவிட்டால், தன்னை விலகும்படி நெருக்கினார்கள் என்பதை நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான் விழும். முறைப்பாட்டுக்கும் ஆறு மாதங்களே அவகாசம். கோப்புகள் பறிக்கப்பட்டதைக் காட்டும் மின்னஞ்சல்களையெல்லாம் இன்றைக்கே தன் சொந்த முகவரிக்கு அனுப்பி வைக்கட்டும்.

கிருலப்பனை நிர்மலா:
தயவுசெய்து அதை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள், அண்ணா. அலுவலகத் தகவலை வெளியே அனுப்பினார் என்று குற்றப்பத்திரிகை கொடுத்து, நட்டஈடே இல்லாமல் நிறுத்துவதற்கு நிறுவனத்துக்கு அதுவே காரணமாகிவிடும். என்ன நடந்தது, யார் முன்னிலையில் என்பதைத் திகதியோடு தன் கொப்பியில் எழுதி வைத்துவிட்டு, ஆட்சேபக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கு அனுப்பி, அதன் பிரதியோடு நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்குப் போகட்டும்.