கடல் மீனில் உப்பு அதிகமா?

குளத்துமீன்: கடலே உப்பு. அதிலேயே கிடக்குற மீனில் சோடியம் அதிகம் இருக்காதா? பிரஷர் உள்ளவங்க கெண்டை, கட்லா பக்கம் வந்துடுங்க.

நடுக்கடல்: இறால் பத்தின விவாத இழையில் நீங்க ஆரம்பிச்ச அதே பாட்டு! ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம். மீனோட ரத்தத்தில் அதில் மூணில் ஒரு பங்குதான். உடம்புத் தண்ணி வெளியே போய்க்கிட்டே இருக்கும், அதுக்கு ஈடா மீன் கடல்நீரைக் குடிக்கும். உள்ளே வந்த சோடியத்தையும் குளோரைடையும் செவுளில் உள்ள தனிச் செல்கள் வெளியே தள்ளிடும். மெக்னீசியமும் சல்பேட்டும் சிறுநீரகம் வழியாப் போயிடும். 100 கிராம் பச்சைக் காட் (cod) என்கிற கடல் மீனில் சோடியம் 55 மி.கி. பக்கம், கெண்டையில் 50. எங்க ஐயா உப்பு?

குளத்துமீன்: 50-ஐ விட 55 அதிகமா இல்லையா? அட்லாண்டிக் கானாங்கெளுத்தியில் 90. அதை ஏன் மறைக்கிறீங்க?

நடுக்கடல்: மறைக்கலை. குழம்பில் போடுற ஒரு டீஸ்பூன் உப்பில் சோடியமே 2,000 மி.கி.க்கு மேல. அந்த 40 மி.கி.க்காக மத்தியையும் சூரையையும் விடச் சொல்றது அநியாயம்.

ஐஸ்பெட்டி: படகில் நடக்கிறதையும் பாருங்க. கடல்நீரும் ஐஸும் கலந்த தொட்டியில் நாள்கணக்கில் கிடந்தா உப்பு சதைக்குள்ள ஏறும். சின்ன மீனிலும் தோல் கிழிஞ்ச மீனிலும் சீக்கிரம் ஏறும். நல்ல தண்ணி ஐஸில் அடுக்கடுக்கா வெச்சா அந்தப் பிரச்சினை இல்லை.

குளத்துமீன்: பாருங்க, ஏறுதாம்!

நடுக்கடல்: அது தொட்டி செஞ்ச வேலை, கடல் செஞ்சது இல்லை. ஐஸ்பெட்டி, எந்த இழையிலும் குறுக்கே வந்து இவருக்கு எடுத்துக் கொடுக்கிறதே உங்களுக்கு வழக்கமாப் போச்சு.

ஐஸ்பெட்டி: உண்மையைச் சொன்னா எடுத்துக் கொடுக்கிறதா? சந்தைக்கு வர்ற மீனைத்தான் சனம் தின்னுது.

கரைவலை: சுறா கணக்கு வேற. ரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வெச்சு கடல்நீரோட சமன் செய்யுது. செத்ததும் பாக்டீரியா அந்த யூரியாவை அம்மோனியாவா மாத்தும், மூக்கைத் துளைக்கிற நெடி அதுதான். பிடிச்ச உடனே ரத்தம் வடிச்சு ஐஸில் வைக்கணும். புட்டுக்கு வேகவெச்சு, உதிர்த்து, தண்ணியை ஒட்டப் பிழியணும்.

குளத்துமீன்: சுறா ரத்தத்தில் சோடியமும் மத்த மீனை விடக் கூடத்தான். அதையும் எழுதுங்க.

நடுக்கடல்: சுறாவை வெச்சு மொத்தக் கடலையும் அளக்காதீங்க! கடல் தர்றது அயோடின். கடல்நீரில் லிட்டருக்கு 50, 60 மைக்ரோகிராம்தான், ஆனா பாசியில் சேர்ந்து, இரை வழியா மீனுக்கு வருது. கால்சியம் முள்ளில் இருக்கு. நெத்திலியை முள்ளோட தின்னா கிடைக்கும், வஞ்சிரத் துண்டில் நடுமுள்ளை ஒதுக்கினா தட்டிலேயே போச்சு. உங்க கட்லாவில் அயோடின் எவ்வளவு? அதைப் போடுங்க முதல்ல.

குளத்துமீன்: பேச்சை மாத்தாதீங்க. 90 பெருசா, 50 பெருசா?

நடுக்கடல்: அயோடின் எவ்வளவுன்னு கேட்டேன்.