சிங்கப்பூர்–நியூயார்க்: நிக்காம போறதா, ஃபிராங்ஃபர்ட்ல இறங்கி ஏறறதா?

தேக்காவாசி:
ஜூன்ல தங்கச்சி வீட்டுக்கு நாலு பேர் போறோம். அம்மாவுக்கு 70. நியூயார்க் பக்கத்துல இருக்கிற நெவார்க் ஏர்போர்ட்டுக்கு நேரடி விமானம்னா பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல. ஃபிராங்ஃபர்ட் வழியா நியூயார்க்கோட ஜே.எஃப்.கே. ஏர்போர்ட்டுக்குப் போனா கிட்டத்தட்ட ஒரு நாள். நின்னு போறதுதான் நல்லதுன்னு நான் சொல்றேன், வீட்டுல ஒருத்தரும் கேக்கல.

அளவுகோல்:
வீட்டுல சொல்றதுதான் சரி. மொத்த தூரமே ஏறக்குறைய 15,345 கி.மீ. எதுக்கு ஐரோப்பாவைச் சுத்தணும்?

மேகநாதன்:
தம்பி, அது பூமி உருண்டையில நூல் பிடிச்ச கணக்கு. அந்த நூல் வட துருவத்தை உரசிட்டுப் போகும். இங்கிருந்து துருவம் 9,850, அங்கிருந்து நியூயார்க் 5,500 சொச்சம். விமானம் அப்படியா போகுது? காத்து, வானிலை, எந்த நாட்டு வான்வெளி, அவசரத்துக்கு எங்க இறங்கலாம்னு எல்லாம் பார்த்துத்தான் அன்னன்னிக்கு வழி போடுவாங்க. பெரும்பாலும் பசிபிக் பக்கம் போய் உயரத்துல வேகமா அடிக்கிற ஜெட் காத்தை முதுகுல வாங்கிக்கும். 2018ல சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த நேரடிச் சேவையை மறுபடி தொடங்கினப்ப சொன்ன தூரம் 16,700. ஃபிராங்ஃபர்ட் வழி? 10,300ம் 6,200ம், ஆக 16,500. இப்ப யாரு சுத்தறது?

அளவுகோல்:
நல்லா இருக்கே அண்ணே! ஒண்ணுக்குப் பறக்கிற தூரம், இன்னொண்ணுக்கு நூல் கணக்கு. ஃபிராங்ஃபர்ட் விமானம் மட்டும் வளையாதா? சரி, தூரத்தை விடுங்க. அங்க எல்லாரையும் இறக்கி, கைப்பையோட மறுபடி சோதனை வரிசையில நிறுத்துவாங்க. 70 வயசுக்காரங்களை அரைத்தூக்கத்துல எழுப்பி நடக்க விடணுமா?

கடல்கொடி:
நடக்கட்டும், அதுதான் நல்லது. எங்க மாமியார் நேரடியில போனாங்க, ஜன்னல் சீட்டு. பக்கத்துல தூங்கறவரை எழுப்பக் கூச்சப்பட்டு, பாத்ரூம் போக வேண்டி வருமேன்னு தண்ணியே குடிக்கல. இறங்கறப்ப செருப்புக்குள்ள கால் நுழையல.

அளவுகோல்:
ஓர சீட்டு போட்டிருக்கணும் அக்கா. அதுக்கு விமானம் என்ன பண்ணும்?

மேகநாதன்:
காலை விடுங்க, காசைப் பாருங்க. நெவார்க் போற ஏ350 யூ.எல்.ஆர்.ல, அதாவது ரொம்ப தூரம் பறக்கிற வகை விமானத்துல, சாதா எகானமியே கிடையாது. மொத்தம் 161 சீட்டு: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. 1,65,000 லிட்டர் வரை எண்ணெய் பிடிக்கிற விமானம், ஆளையும் அள்ளி ஏத்தினா எடை தாங்காது. இதே வழியில 2004ல நாலு இன்ஜின் ஏ340-500 விட்டாங்க. எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகாம 2013ல நிறுத்தினாங்க.

தேக்காவாசி:
எகானமி இல்லையா?! நாலு டிக்கெட்டுங்க!

அளவுகோல்:
அம்மாவும் துணைக்கு ஒருத்தரும் நேரடியில போகட்டும். மத்த ரெண்டு பேர் ஃபிராங்ஃபர்ட் வழியா எகானமில வாங்க.

கடல்கொடி:
விடியக்காலை நெவார்க், அப்புறம் ஜே.எஃப்.கே. தங்கச்சி அன்னிக்கு லீவு போட்டு ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் கார் ஓட்டணும். அவங்களைக் கேட்டீங்களா?