மறு: கோப்பிலிருந்து படித்தால் வருவது எழுத்தா, வரியுருவா?

அன்புள்ள ஐயா, அக்கா, தம்பி, குழுமத்தார் அனைவருக்கும்,

கோப்பைப் படிக்கும்போது கணினி எண்ணிக் காட்டும் ஒவ்வொன்றுக்கும் தமிழில் என்ன பெயர் என்ற இந்த இழை நாற்பது மடலைத் தாண்டிவிட்டது. வியாழக்கிழமை காலை அவென்யூ ரோட்டு அச்சகத்தில் பாடத்தாளைக் கொடுத்தாக வேண்டும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகத் தொடக்கத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழில் ஜாவா நிரல்மொழி சொல்லித்தருகிறேன். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறவர்கள், தமிழ் வீட்டுப் பேச்சுதான். போன வாரம் கோப்பிலிருந்து தரவைப் படிக்கும் பாடம். கோப்பில் ஒரே ஒரு சொல்: அம்மா. கோப்பைப் பைட்டு பைட்டாகப் படிக்கும் ஃபைல் இன்புட் ஸ்ட்ரீம் வழியே படித்து எண்ணினோம், 15 வந்தது. கோப்பு யூடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்டது என்று குறிப்பிட்டு, பைட்டுகளைச் சேர்த்துக் குறிகளாகத் தரும் ரீடர் வழியே படித்தோம், 5 வந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி விரல் மடக்கி எண்ணினாள்: அ, ம், மா. "மூணுதானே மிஸ்? எது சரி?"

மூன்று விடையும் சரி. 15 என்பது பைட்டு, கணினி சேமிக்கும் சிறு அலகு. ஒருங்குறியின் (யூனிகோடு) தமிழ்ப் பகுதியில் உள்ள ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டு பிடிக்கும். 3 என்பது எழுத்து. நடுவில் நிற்கும் 5க்கு என்ன பெயர்? வரிக்கு ஒன்றாகத் திரையில் காட்டச் சொன்னோம். முதலில் அ, அடுத்து ம, அப்புறம் ஒரு புள்ளிக்கோட்டு வட்டமும் அதன் தலையில் மெய்ப்புள்ளியும், மறுபடி ம, கடைசியில் அதே வட்டத்தை ஒட்டி ஒரு துணைக்கால். அந்தப் புள்ளியையும் துணைக்காலையும் என்ன சொல்லி அழைப்பது என்று எனக்கு வாய் வரவில்லை. அன்றிரவுதான் முதல் மடலை எழுதினேன்.

> எல்லாருக்கும் தெரிந்த 'எழுத்து' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு அக்கா? பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

தம்பி, புரிய வேண்டும் என்ற உங்கள் கவலைதான் எனக்கும். ஆனால் தமிழ் எழுத்து 247 என்று இதே பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தது நாம்தான். எழுத்து என்றால் அதற்கு மாத்திரை உண்டு. துணைக்காலுக்கு ஏது மாத்திரை? மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஐந்து, தமிழ் வகுப்பில் மூன்று என்றால் பிள்ளை எதை நம்பும்? கடன் கேட்டால் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் கொடுக்கலாம், எழுத்தை மட்டும் கொடுக்கக் கூடாது. ஆங்கிலத்தில் சொல்வதுபோலக் 'கேரக்டர்' என்றே எழுதிவிடலாம் என்றீர்கள். நம் ஊர்ப் பேச்சில் அது ஒருவரின் நடத்தை, இல்லாவிட்டால் சினிமாவில் வரும் வேடம். அந்தச் சொல் நம்மிடம் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

> நன்னூலார் "மொழிமுதற் காரணமாம் அணுத்திரள் ஒலி எழுத்து" என்றார். ஆகவே 'எழுத்தணு'.

ஐயா, படித்ததும் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நன்னூலார் சொல்வது ஒலியின் அணுவை. கோப்பில் இருப்பது ஒலியே இல்லை. அணு வடசொல் என்று ஒருவர் கிளப்ப, 'அண்' என்னும் வேரிலிருந்து அண்ணுதல், அணுகுதல், அணு என்று நீங்கள் ஆறு மடல் எழுதினீர்கள். எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறேன். பாடத்தாளுக்கு மட்டும் அது உதவவில்லை.

மல்லேஸ்வரம் அக்கா கொடுத்தது 'வரியுரு'. கணினித் தமிழில் முன்பே புழங்கும் சொல்தான். அக்கா அதற்குச் சொன்ன காரணம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்றது: கன்னடத்தில் எழுதுவதைப் 'பரெ' என்கிறார்கள், நம் வகரம் அங்கே பகரம், வாழை பாளெ ஆனதைப்போல. பரெக்கு நேர் இணை 'வரை'தான், 'வரி' இல்லை என்று திருத்தியவருக்கும் நன்றி. ஆனாலும் வரிதல் என்றால் தமிழில் எழுதுதல்தான், சொல்லுக்கு அது போதும்.

என்னை வரியுருவின் பக்கம் சாய்த்தது தொல்காப்பியம். புள்ளி இல்லாத மெய் "உருவுரு வாகி" அகரத்தோடு உயிர்க்கும், மற்ற உயிர்களோடு "உருவுதிரிந்து" உயிர்க்கும் என்கிறது நூன்மரபு. அங்கே உரு என்பது எழுதப்படும் வடிவம். ம என்பது மா ஆவது உரு திரிவது. பிள்ளைகள் திரையில் பார்த்த துணைக்காலும் அந்தத் திரிபுதான். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கு ஐயா எழுதிய மறுப்பை அப்படியே தருகிறேன், எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை:

> 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் ஒருங்குறியில் வைக்கலாம், தனித்தனி இரண்டாகவும் வைக்கலாம். திரையில் உரு ஒன்றே. உள்ளே ஒரு கோப்பில் எண்ணிக்கை 2, இன்னொன்றில் 3. உரு மாறாமல் எண்ணிக்கை மாறுகிறது என்றால், எண்ணப்படுவது உரு எப்படி ஆகும் அம்மா? உருவை எழுத்துருக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

உண்மை ஐயா. தம்பியும் தன் பங்குக்கு இன்னொரு சிக்கலைச் சேர்த்தார். 2019இல் ஒருங்குறியில் ஏறிய பழைய பின்னக் குறிகளில் முந்திரி, அதாவது 1/320, ஒன்று. ஜாவா ஓர் இடத்துக்கு ஒதுக்கும் 16 பிட்டுக்குள் அது அடங்காது, ஒரு முந்திரிக்கு இரண்டு இடம் வேண்டும். ஆக, 'குறி' என்று பெயர் வைத்தாலும் கணக்கு உதைக்கிறது.

தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்ற 16 பிட்டு அனைத்தெழுத்துக் குறியேற்றத்தில் மா என்றால் ஒன்று, ம் என்றால் ஒன்று, அம்மா மூன்றாகவே வரும், அதற்கு மாறிவிட்டால் இந்த வழக்கே இல்லை என்றார் ஒருவர். விரும்பத்தக்கதுதான். ஆனால் பிள்ளைகளின் கைப்பேசியிலிருந்து வரும் கோப்பு ஒருங்குறியில்தான் வருகிறது. ரீடருக்குச் சொன்ன 'படிப்பான்' ஆண்பாலா என்ற சண்டையை இந்த இழையில் தொடர வேண்டாம், தனி இழை போடுங்கள்.

கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் "சரி, வரியுருவே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார்கள். அலுத்துப்போய்த்தான் என்று எனக்கும் தெரியும். பாடத்தாளில் பைட்டு 15, வரியுரு 5, எழுத்து 3 என்று அச்சாகிறது. அதன் கீழேயே ஐயாவின் 'கொ'வையும் பயிற்சியாகப் போட்டிருக்கிறேன்: இரண்டு கோப்பு, இரண்டு எண்ணிக்கை, ஏன்? ஐயா, மெய்ப்பை இன்றிரவு அனுப்புகிறேன், பார்த்துக் கொடுங்கள்.

அடுத்த தாள் பஃபர்டு ரீடர். பஃபருக்கு 'இடையகம்' பிடிக்காதவர்கள் இப்போதே எழுதிவிடுங்கள், புதன்கிழமை ராத்திரி வேண்டாம்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து