தடுப்பியா, தணிப்பியா, முறிப்பானா?

அனைவருக்கும் வணக்கம்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் சேகரிக்கும் நெல்லி, நாவல், களாக்காய், முடவாட்டுக்கால் ஆகியவற்றுக்குத் தமிழில் விவர அட்டை தயாராகிறது. ஆன்டி ஆக்சிடன்ட் என்பதைப் பலரும் ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்’ என்று எழுதுகிறார்கள். அதை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. பள்ளிப் பாடநூலில் எதிர்ப்பொருள் என்றால் ஆன்டிபாடி, அதாவது நோய்க்கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் படித்த பிள்ளை, நெல்லிக்காயில் ஆன்டிபாடி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பி’ என்றே வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத்தில் தனியுறுப்புகளை (துணையில்லா எலக்ட்ரான் கொண்ட ‘ஃப்ரீ ராடிக்கல்’) வைத்து அளக்கும் திறனுக்கு மட்டும் ஒரு சொல் குறைகிறது. தாகம் தணிவது, தீ தணிவது போல ‘தணிப்பி’, ‘தணிதிறன்’ எனலாமா?

—

வணக்கம் ஐயா.

தடுப்பிக்கு என் முழு சம்மதம். தணிப்பி மட்டும் வேண்டாம். அதற்கு வேறு வேலை இருக்கிறது. பீட்டா கரோட்டின், ஒற்றைநிலை ஆக்சிஜனின் (ஆற்றல் ஏறிய ஆக்சிஜன் மூலக்கூறு) கிளர்ச்சி ஆற்றலை வாங்கி வெப்பமாக வெளியே விட்டுவிடும். பெரும்பாலும் தான் மாறாது. தணித்தல் என்பது அதற்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. நெல்லியிலுள்ள கேலிக் அமிலம் செய்வது வேறு. தன் ஹைட்ரஜனைக் கொடுத்து, தனியுறுப்பின் துணையில்லா எலக்ட்ரானுக்குத் துணை சேர்க்கிறது. அதில் தானே செலவாகிப் போகிறது. இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் புழங்கும் ‘ஸ்கேவெஞ்சர்’ என்ற சொல்லை அகராதிப்படி தமிழாக்கினால் துப்புரவுத் தொழிலாளரைச் சாதி சொல்லி இழிக்கும் பழைய சொல் வந்து நிற்கும். அது எந்த அட்டையிலும் ஏறக் கூடாது.

நம் வைத்தியத்தில் ‘முறித்தல்’ இருக்கிறதே. நஞ்சை முறிக்கிறோம், பித்தத்தை முறிக்கிறோம். ஆகவே தனியுறுப்பு முறிப்பான், முறிதிறன். பாதித் தனியுறுப்புகளை முறிக்கத் தேவைப்படும் அளவுக்கு ‘அரைமுறிச் செறிவு’. கொழுப்பு காறிப்போகும் தொடர்வினையை நடுவில் அறுக்கும் வைட்டமின் ஈ போன்றவற்றுக்குத் ‘தொடர்முறிப்பான்’ என்பதும் தானாகவே அமைந்துவிடுகிறது.

தடுப்பியும் முறிப்பானும் ஒன்றல்ல என்பதை டிபிபிஎச் சோதனையே காட்டும். டிபிபிஎச் என்பது ஊதா நிறம் தரும், நிலையான ஒரு தனியுறுப்பு. 3.9 மி.கி. டிபிபிஎச்-ஐ 100 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார் ஊதாக் கரைசல். அதில் 3 மி.லி. எடுத்து, 1 மி.லி. சாறு சேர்த்து, 30 நிமிடம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வைப் பார்க்கிறோம். ஊதா வெளிறி மஞ்சளாகும் அளவே முறிதிறன். இரும்பு அயனியைக் கொடுக்குப் போட்டுப் பிடித்துத் தனியுறுப்பு பிறக்கவே விடாத சேர்மமும் தடுப்பிதான். ஆனால் அந்த வேலை இந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. ஆக, முறிப்பான் எல்லாம் தடுப்பி. தடுப்பி எல்லாம் முறிப்பான் அல்ல.

நாவல், பழுத்த களாக்காய் இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. தோலின் ஆந்தோசயனின் நிறமியும் ஏறத்தாழ அதே அலைநீளத்தில் ஒளியை வாங்கிக்கொள்ளும். அதனால் ஊதா போன பிறகும் போகாதது போல் தெரியும்; முறிதிறன் குறைவென்று பதிவாகிவிடும். அதே அளவு சாற்றை வெறும் மெத்தனாலில் கலந்து தனிக் குழாயில் அளந்து கழித்தே தீர வேண்டும். அந்தக் குழாய்க்கு ‘நிறக்கழிவு’ என்று பெயர் வைக்கலாம் என்றால் சாயப்பட்டறைக் கழிவு நினைவுக்கு வருகிறது. ‘நிற ஈடு’ எப்படி?

—

நல்லது அம்மா. நிற ஈடு பொருத்தமாக இருக்கிறது. முறிப்பான் ஆய்வறிக்கையோடு நிற்கட்டும், அட்டையில் வேண்டாம். மலைச் சந்தையில் அந்தச் சொல்லைப் பார்ப்பவர் நஞ்சுமுறி மருந்தென்றே வாங்குவார், விஷக்கடிக்குக் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அட்டையில் ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் உள்ளன’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது.

நெல்லி அட்டையில் ‘வெட்டினால் கறுப்பது ஆக்சிஜனேற்றம்’ என்று வரைவில் இருந்த வரியையும் எடுத்துவிட்டேன். இரும்புக் கத்தி பட்டால் டானினும் இரும்பும் சேர்ந்தே கறுக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தி என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

ஈழத்து வழக்கில் ஒட்சியேற்றம் என்பதால் அங்கே ‘ஒட்சியேற்றத் தடுப்பி’ ஆகும். முறிப்பானை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.