மறு: ஹெட்டரோஃபோரியா – ‘மறை மாறுகண்’ சரிதானா?

> ஹெட்டரோஃபோரியாவுக்கு ‘மறை மாறுகண்’ என்று போட்டுவிடலாம். ஹைபாக்சியாவுக்கு ‘ஆக்சிஜன் குறைவு’ இருக்கவே இருக்கிறது.

ஐயா, நம் கலைச்சொல் பட்டியலுக்கு நீங்கள் சொல்லும் இந்த இரண்டு தமிழ்ச் சொற்களிலும் எனக்கு உடன்பாடில்லை.

எளியதை முதலில் முடித்துவிடுகிறேன். உயரே போனால் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. கடல்மட்டத்திலும் எவரெஸ்ட் உச்சியிலும் ஏறக்குறைய 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம், சுமார் 5,500 மீட்டரில் அது பாதியாகிவிடும். இரத்தத்தில் கலக்கும் ஆக்சிஜன் குறைந்து, திசுக்களுக்கு வேண்டிய அளவு போய்ச் சேர்வதில்லை. ஹைபாக்சியா என்பது அந்தத் திசுக்களின் நிலை. ‘குறைவு’ என்றால் படிப்பவர் காற்றை நினைப்பார். ‘ஆக்சிஜன் போதாமை’ என்றால் உடலை நினைப்பார். (‘உயிர்வளி’தான் வேண்டும் என்போரோடு நான் சண்டைக்கு வரவில்லை.)

இனி கண், அதாவது ஹெட்டரோஃபோரியா. நம்மில் பெரும்பாலோருக்கு விழிகள் இரண்டும் இயல்பாக விட்டால் ஒரே புள்ளியில் நிற்பதில்லை; சற்றே விலகும். மூளைதான் இரு பிம்பங்களையும் ஒன்றாக்குவதற்காக விழித்தசைகளை ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கிறது. ஒரு கண்ணை மறைத்தால் திருத்தம் நின்று அந்த விழி உள்ளேயோ வெளியேயோ நகரும். மறைப்பை எடுத்ததும் திரும்பிவிடும். இதை நோய் என்று யாரும் சொல்வதில்லை. இதற்குப் போய் ‘மாறுகண்’ என்று பெயரிட்டால், குறையற்ற பார்வை உடையவரையும் சேர்த்தல்லவா பயமுறுத்துகிறோம்?

உயரத்தில் நடப்பதை விளக்கவும் இந்த வேறுபாடு வேண்டும். ஆக்சிஜன் போதாதபோது பிம்பங்களை இணைக்கும் திறன் தளர்கிறது. அங்கே விலகல் புதிதாகப் பிறக்க வேண்டியதே இல்லை. அதுவரை அடங்கிக் கிடந்தது வெளிப்பட்டாலே பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். விமானிகளின் மருத்துவச் சோதனையில் இந்த விலகலையும் பிரிசம் டயாப்டர் என்ற அலகில் அளந்து பார்ப்பது வீண் சடங்கன்று.

ஆகவே ஹெட்டரோஃபோரியாவுக்கு என் பரிந்துரை ‘கரந்த விலகல்’ (கரந்த என்றால் மறைந்த). திசைக்கேற்பக் கரந்த உள்விலகல், கரந்த வெளிவிலகல் என்று விரியும். மறைப்பின்றியே விலகி நிற்பதற்கு மட்டும் ‘மாறுகண்’ இருக்கட்டும். கண்கள் மூக்கை நோக்கித் திரும்புவதற்குக் ‘குவிவு’ கூடாது, ‘குவி வில்லை’ என்னும் லென்ஸோடு குழம்பும். ‘விழி ஒருங்கல்’ எனலாம்.

---

> அடங்கிக் கிடந்தது வெளிப்பட்டாலே பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும்.

‘கரந்த விலகல்’ எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மலையில் இரட்டைப் பார்வை என்றால் எல்லாமே இதுதான் என்று விளக்கக் குறிப்பில் எழுதிவிடாதீர்கள். உயரத்தால் மூளை வீங்கி மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் கண்ணைத் திருப்பும் ஆறாம் மண்டை நரம்பு செயலிழக்கலாம். விழி வெளிப்பக்கம் திரும்பாது. அது ‘விழித்தசை வாதம்’. அப்படிப்பட்டவரை உடனே கீழே இறக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் புழங்கினால் ஆபத்து.

பார்வை மங்கலையும் தனியே பதியுங்கள். இருளில் பார்க்க உதவும் கோல் செல்கள் ஆக்சிஜனுக்கு மிகவும் ஏங்குபவை; இரவுப் பார்வை சுமார் 1,500 மீட்டரிலேயே மங்கத் தொடங்குகிறது. 1862இல் பலூனில் உயரே சென்ற ஆங்கிலேய வானிலை ஆய்வாளர் ஜேம்ஸ் கிளெய்ஷருக்கு வெப்பமானியின் பாதரச மட்டம்கூடத் தெரியாமல் போனது. அதில் விலகலைத் தேடுவது தவறு.

‘விழி ஒருங்கல்’ மட்டும் உறுத்துகிறது. எதிர்ச்சொல்லுக்கு என்ன செய்வீர்கள்? ‘விழி விரிதல்’ என்றால் கண்ணை அகலத் திறப்பதாகிவிடும். ‘விழி அகலல்’ சரிவருமா என்று பாருங்கள்.