சைக்கிளில் விழுந்து முதுகில் அடி: முதலில் யாரிடம் காட்டுவது?

மிதிகட்டை:
வளைவில் சறுக்கிப் பக்கவாட்டில் விழுந்ததில் கீழ்முதுகில் அடி. நடக்க முடிகிறது. குனிந்தால் வலது தொடையின் பின்புறமாக வலி இறங்கி, கெண்டைக்கால் வரை சுளீரென்று இழுக்கிறது. நேரே எம்ஆர்ஐ எடுத்துவிடலாமா? எப்போது மறுபடி ஓட்டலாம்?

எதிர்காற்று:
ஸ்கேன் இருக்கட்டும், முதலில் இதைப் பாருங்கள். சிறுநீர் வராமல் முட்டுகிறதா, தெரியாமலே போகிறதா? ஆசனவாயைச் சுற்றியோ தொடை இடுக்கிலோ உணர்வு குறைந்திருக்கிறதா? இரண்டு கால்களும் தளர்கின்றனவா? ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே இறங்கும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம் அது. தாமதித்தால் சிறுநீர்ப்பை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சீட்டு அழுத்தி மரத்துப்போவது பழகிவிட்டதால், இதையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சீட்டால் வந்த மரப்பு இறங்கிய சற்று நேரத்தில் தெளியும். ஓட்டாத நாளிலும் இருந்தால் சீட்டைக் குறை சொல்லாதீர்கள்.

நடு முதுகெலும்பில் ஓரிடத்தை விரலால் தொட்டாலே கடுமையாக வலிக்கிறதா? அப்படியானால் முறிவு சந்தேகம்: எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன். நடக்க முடிவதால் முறிவில்லை என்றாகாது. சிறுநீர் சிவந்து போனால் சிறுநீரகத்திலும் அடி இருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

ஸ்போக்ஸ்:
இவை எதுவும் இல்லையென்றால் ஆர்த்தோ டாக்டர். காலை நேராகத் தூக்கிப் பார்ப்பது, குதிகால் நடை, நுனிக்கால் நடை, ரிஃப்ளெக்ஸ் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். கால் பெருவிரலை மேலே தூக்கப் பலமில்லை என்றால் பெரும்பாலும் கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் எல்5 நரம்பில் பாதிப்பு, நுனிக்காலில் எம்ப முடியாவிட்டால் அதற்கு அடுத்த எஸ்1 நரம்பில். பலம் குறைந்துகொண்டே போனால் எம்ஆர்ஐ-யைத் தள்ளிப்போடக் கூடாது. வலி மட்டும் என்றால் ஆறு வாரம் பொறுக்கலாம், பெரும்பாலும் அதற்குள் தணியும். வலியே இல்லாத பலருக்கும் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) பிதுங்கியிருப்பது படத்தில் தெரியும், அவசரப்பட்டு எடுத்தால் வீண் பயம்தான் மிஞ்சும்.

“இடுப்பு வலி” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பக்கம் தரையில் மோதியது, வலி எதுவரை போகிறது, எந்த அசைவில் கூடுகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள்.

மிதிகட்டை:
சிறுநீர்ப் பிரச்சினை, மரப்பு இரண்டும் இல்லை, நன்றி. டிரெய்னரில் (வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி மிதிக்கும் தாங்கி) மெதுவாக ஓட்டலாமா?

எதிர்காற்று:
டாக்டர் முறிவில்லை என்று சொன்ன பிறகு. அதுவரை படுத்தே கிடக்காமல் சின்னச் சின்ன நடை. கெண்டைக்கால் வலி மேலேறி இடுப்போடு ஒடுங்கினால் தேறுகிறீர்கள், அப்போது லேசான கியரில் 10 நிமிடம் தொடங்கலாம். வலி மீண்டும் காலில் இறங்கினால் நிறுத்திவிடுங்கள். இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓட்டவே ஓட்டாதீர்கள். வலியின் எச்சரிக்கை மறையும், வியர்த்து நீர் வற்றினால் சிறுநீரகத்துக்கும் கேடு.

ஸ்போக்ஸ்:
ஹேண்டில்பாரை ஸ்பேசர் (அதன் அடியில் செருகும் வளையம்) வைத்து 2 செ.மீ. உயர்த்துங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25–35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். சீட்டு அதைவிட உயர்ந்தால் இடுப்பு இருபக்கமும் ஆடி முதுகை இழுக்கும். விழுந்த வண்டி என்பதால் சீட்டின் அடிக்கம்பிகளையும் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் இடுப்பு சாய்ந்தே உட்காரும், பிசியோ எவ்வளவு செய்தாலும் வலி திரும்பி வரும்.